ஆறாம் வட்டாரத்துத் தெருப்பலகைகள்



காணி உறுதிகளைத் தொலைத்தவர்கள் அடுத்ததாக என்ன செய்யவேண்டும் என்பது பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதனை வாசித்த ஓர் அம்மா, மகளிர் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பும் வேளையில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பிள்ளை, என்ர காணிக்கு உறுதி இருக்கு. அதைச் சேலைத் தலைப்பில முடிஞ்சுகொண்டுதான் எல்லா இடமும் திரிஞ்சனான். ஆனால் என்ர ஊருக்கு உறுதி எங்க இருக்கு?” என்று கேட்டார்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர் அவர். 2015 ஆம் ஆண்டுக்குப் பின்னர்தான் தன் வளவை மறுபடி பார்த்தார். கிணறு தூர்ந்து கிடந்தது. ஒழுங்கை இருந்த இடம் தெரியவில்லை. எது தன் வேலி, எது பக்கத்து வளவு என்று பிடிபடவில்லை. முன்வீட்டு ஆச்சியும் சந்திக் கடைக்காரரும் எங்கே என்று கேட்பதற்குக்கூட அங்கே ஆட்கள் இல்லை. காணி கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் பொருள்.

அன்று அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. வீடு வந்து யோசித்தபோது, இதே கேள்வியை எங்களுக்கு முன்னரே கேட்ட மக்கள் சிலர் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் தென்னாபிரிக்காவைச் சேர்ந்தவர்கள். தங்கள் கேள்விக்கு விடையாக அவர்கள் உருவாக்கியது ஒரு நூதனசாலை. இம்மாதம் அதனைப் பற்றிப் பேசுவோம்.

அழிக்கப்பட்ட வட்டாரம்

கேப் டவுன் நகரத்தில், மேசை மலையின் அடிவாரத்தில், துறைமுகத்துக்குக் கிட்டவாக ஒரு குடியிருப்பு இருந்தது. 1867 ஆம் ஆண்டு நகரசபை அதனை ஆறாவது வட்டாரம் என வகுத்தது. ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்பார்கள். எங்கள் ஊர்களிலும் முகவரி எழுதும்போது 6ஆம் வட்டாரம் என்று எழுதுகிறோம் அல்லவா? அதைப்போன்ற ஒரு சாதாரணப் பெயர்தான் அதுவும்.

அங்கு வாழ்ந்தவர்களும் சாதாரண மக்களே. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் சந்ததியினர், துறைமுகத் தொழிலாளர், தையற்காரர், சிறுகடைக்காரர், கடல் கடந்து குடிவந்தோர் எனப் பலதரப்பட்டோர் அங்கு இருந்தனர். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும், ஆபிரிக்கரும் இந்திய வம்சாவளியினரும் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். வீடுகள் நெருக்கமானவை. வறுமை இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் பலர் வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு திருத்த வேலைகளைக் கவனிக்காமல் விட்டார்கள். ஆனாலும் ஒருவரின் நல்லது கெட்டதுக்கு மற்றவர் வந்து நிற்கும் ஊராக அது இருந்தது.

1950 ஆம் ஆண்டு இனஒதுக்கல் அரசாங்கம் குழுப் பிரதேசச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எந்த நிறத்தவர் எந்த இடத்தில் வாழலாம் என்பதை அரசே தீர்மானிக்கும் சட்டம் அது. 1966 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆம் திகதி, ஆறாம் வட்டாரம் இனிமேல் வெள்ளையருக்கு மட்டுமான பிரதேசம் என அறிவிக்கப்பட்டது. அது சேரி, குற்றங்கள் மலிந்த இடம், இனங்கள் கலந்து வாழ்ந்தால் சச்சரவு வரும் என்பவையே அரசாங்கம் சொன்ன காரணங்கள். அடுத்துவந்த ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் 60,000 இற்கும் மேற்பட்டோர் அகற்றப்பட்டார்கள். நகரத்துக்கு வெளியே, காற்றும் மணலுமான கேப் சமவெளியில் அவர்களைக் குடியேற்றினார்கள். பின்னால் புல்டோசர்கள் வந்து வீடுகளை இடித்துத் தள்ளின.

அகற்றும்போது தெருத்தெருவாக, அயலவர் அயலவராக ஒரே இடத்துக்கு அனுப்பவில்லை. யாருக்கு எங்கு வீடு கிடைத்ததோ அங்கு போகவேண்டியதாயிற்று. வேலைத்தலம் தூரமாகியது, பஸ் செலவு கூடியது. வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை விட்டுச் செல்வதற்கு இதுவரை அடுத்த வீட்டு ஆச்சி இருந்தார். புதிய இடத்தில் அடுத்த வீட்டில் யார் என்றே தெரியாது. நலன்புரி நிலையங்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் வாழ்ந்த உங்களுக்கு இதனை நான் விளக்கவேண்டியதில்லை.

இடித்தவர்கள் பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் விட்டுவைத்தார்கள். ஊரே இல்லாத வெட்டையில் அவை தனித்து நின்றன. வெள்ளிக்கிழமை தொழுகைக்கும் ஞாயிறு வழிபாட்டுக்கும் பழைய குடிமக்கள் பஸ் ஏறி வந்து போனார்கள். வட்டாரத்தின் பெயரைக்கூட 1970 இல் மாற்றினார்கள். ஆனால் புதிய வெள்ளையர் நகரம் எழவில்லை. மற்றவர்களை விரட்டிய நிலத்தில் வீடு கட்டப் பலரும் விரும்பவில்லை. 1980 களில் ஒரு பெரிய தொழினுட்பக் கல்லூரி அங்கு எழுந்தது. மீதி நிலத்தின் பெரும்பகுதி புல் முளைத்த வெறுந்தரையாகவே கிடந்தது.

இரண்டு வாரக் கண்காட்சி

1980 களின் பிற்பகுதியில் அந்த நிலத்தை விலைக்கு வாங்கி அபிவிருத்தி செய்யப் போவதாகப் பேச்சு எழுந்தது. இந்த நிலத்தில் கைவைக்காதீர்கள் எனப் பழைய குடிமக்களும் செயற்பாட்டாளர்களும் ஓர் இயக்கமாகத் திரண்டார்கள். அந்த இயக்கத்தின் கூட்டங்களிலேயே ஒரு நூதனசாலை வேண்டும் என்ற எண்ணம் உருவானது. 1989 ஆம் ஆண்டு அதற்கென ஒரு மன்றத்தை நிறுவினார்கள். அவர்களிடம் கட்டடம் இல்லை, காட்சிப் பொருட்கள் இல்லை. ஐந்தாண்டுகள் சிறுசிறு புகைப்படக் கண்காட்சிகளும் ஒன்றுகூடல்களுமாகக் கழிந்தன.

பியூட்டன்காண்ட் வீதியிலுள்ள பழைய மெதடிஸ்ற் தேவாலயம் ஒன்றில் பின்னர் அவர்களுக்கு இடம் கிடைத்தது. இனஒதுக்கலுக்கு எதிரானவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த தேவாலயம் அது. 1994 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆம் திகதி, மனித உரிமைகள் தினத்தன்று, அங்கு ஒரு கண்காட்சியைத் திறந்தார்கள். தென்னாபிரிக்காவில் எல்லா மக்களும் வாக்களித்த முதலாவது தேர்தல் நடந்ததும் அதே ஆண்டில்தான். கண்காட்சியை இரண்டு வாரங்கள் மட்டும் வைத்திருக்க எண்ணியிருந்தார்கள். சனம் வந்துகொண்டே இருந்ததால் மூட முடியவில்லை. இன்றுவரை அது நூதனசாலையாக நடக்கிறது.

அப்படி அங்கு என்ன இருந்தது? தங்கமா, மன்னர்களின் வாளா? இல்லை. முதலாவது, தெருப்பெயர்ப் பலகைகள். வீடுகளை இடிக்கும் வேலைக்கு மேற்பார்வையாளராக இருந்த வெள்ளையர் ஒருவர் இருந்தார். இடிபாடுகளோடு பலகைகளையும் கடலில் கொட்டும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர் அப்படிச் செய்யாமல், ஏறத்தாழ எழுபத்தைந்து பலகைகளைக் கழற்றி வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். நூதனசாலைக்காரர் தேடிப்போய்ப் பேசியபின் அவை வெளியே வந்தன. இன்று அவை தேவாலயத்தின் நடுவே கூரையிலிருந்து தொங்குகின்றன.

வீடுகளை இடித்த கைகளேதான் பலகைகளையும் காப்பாற்றின. அந்த மனிதர் மனதில் என்ன இருந்தது என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் நாங்கள் எதிரியென்று நினைத்த பக்கத்திலும் எங்கள் ஊரின் ஒரு துண்டு பத்திரமாக இருக்கக்கூடும் என்பதை இச்சம்பவம் எனக்குச் சொல்கிறது.

இரண்டாவது, தரையில் விரிக்கப்பட்ட பெரிய வரைபடம். ஆறாம் வட்டாரத்தின் ஒவ்வொரு தெருவையும் கித்தானில் வரைந்து தேவாலயத் தரையில் விரித்தார்கள். மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் விரிப்பு. வந்த பழைய குடிமக்களிடம் பேனையைக் கொடுத்து, “உங்கள் வீடு எங்கே இருந்தது? எழுதுங்கள்” என்றார்கள். வயோதிபர்கள் முழங்காலில் இருந்து தேடினார்கள். வீட்டு இலக்கம், குடும்பப் பெயர், எந்த மூலையில் யாருடைய கடை என்றெல்லாம் எழுதினார்கள். எழுதும்போதே, “நீங்கள்தானா அந்த வீட்டுப் பிள்ளை?” என்று இருபது முப்பது வருடங்களாகக் காணாத அயலவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். அழிந்த ஊரை வரைந்தது நில அளவையாளர் மட்டுமல்ல, அங்கு வாழ்ந்தவர்களின் ஞாபகமும்தான்.

பெண்கள் தைத்த துணி

மூன்றாவது பொருள் எங்களைப் போன்ற மகளிர் குழுக்களுக்கு மிக நெருக்கமானது. கண்காட்சிக்கு வரும் பழைய குடிமக்கள் தம் பெயரையும் மனதில் தோன்றுவதையும் எழுதட்டும் என்று நீளமான வெள்ளைத்துணி ஒன்றை வைத்தார்கள். எழுதியெழுதித் துணி நீண்டுகொண்டே போனது. பேனை மை காலப்போக்கில் மங்கிவிடும் என்பதனால் அந்த எழுத்துகளின் மேல் நூலால் தைக்கத் தொடங்கினார்கள். கையெழுத்து எப்படி இருந்ததோ அப்படியே, கோணலாக இருந்தாலும் கோணலாகவே தைத்தார்கள். அந்தத் துணி இன்று ஒரு கிலோமீற்றருக்கும் மேலான நீளம் கொண்டது.

பிற்காலத்தில் முதிய பெண்களைக் கூட்டி இன்னொரு வேலையும் நடந்தது. வீட்டுக் குசினி என்ற பொருள்படும் பெயரில் ஒரு குழுவாக அவர்கள் கூடினார்கள். தாயிடமும் பாட்டியிடமும் கற்ற சமையலை நினைவுபடுத்திச் சொன்னார்கள், சமைத்தார்கள், செய்முறைகளைத் துணியில் தைத்தார்கள். அவை 2016 ஆம் ஆண்டு ஒரு சமையல் நூலாக வெளிவந்தன. கறியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அடுப்படி வரும், அடுப்படியோடு அம்மா வருவார், அம்மாவோடு அந்தக் கடைசி நாளும் வரும். “உங்களுக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லுங்கள்” என்று நேரே கேட்டால் வாய் திறக்காத பெண், “உங்கட அம்மா கூழுக்கு என்னென்ன போடுவா?” என்று கேட்டால் பேசுவதை நானும் பல கூட்டங்களில் கண்டிருக்கிறேன்.

எப்படி நடத்துகிறார்கள்?

நூதனசாலை என்றால் கண்ணாடிப் பெட்டியும் “தொடாதே” என்ற பலகையும்தான் எங்கள் நினைவுக்கு வரும். இங்கு அப்படி இல்லை. சுற்றிக் காட்டுபவர்கள் அங்கு வாழ்ந்து வெளியேற்றப்பட்டவர்கள். புத்தகத்தில் படித்ததை அல்ல, தம் வாழ்க்கையைச் சொல்கிறார்கள்.

நூர் இப்ராஹிம் என்பவர் அவ்வாறு பல ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்தவர், தன் கதையை நூலாகவும் எழுதியவர். வீட்டில் புறா வளர்த்தவர். வெளியேற்றப்பட்டபோது புறாக்களையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோனார். சில மாதங்கள் கூட்டில் வைத்துப் பழக்கியபின் திறந்துவிட்டார். மாலையில் ஒன்றும் திரும்பி வரவில்லை. அடுத்தநாள் வேலைக்குப் போகும் வழியில், இடிக்கப்பட்ட தன் பழைய வீட்டடியால் சென்றார். புறாக்கள் அத்தனையும் அந்த வெறுந்தரையில் நின்றன. பார்வையாளருக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது. இதனைக் கேட்ட பிள்ளைகளுக்குக் குழுப் பிரதேசச் சட்டத்தைத் தனியாக விளக்கவேண்டிய அவசியம் இல்லை.

நூதனசாலையின் நிர்வாக சபையில் முன்னாள் குடியிருப்பாளர்கள் இருந்தார்கள். கூடவே ஓவியர்கள், நூலகர்கள், வரலாற்று ஆசிரியர்கள் எனப் பலர் தோள் கொடுத்தார்கள். முதலாவது பணிப்பாளர் சன்ட்ரா புறோசலென்டிஸ் என்ற பெண்மணி. வாய்மொழிச் சாட்சியங்களை ஒலிப்பதிவு செய்து சேமித்து வைத்திருக்கிறார்கள். புகைப்படங்கள், பத்திரங்கள், வீட்டுச் சாமான்கள் யாவும் மக்கள் கொண்டுவந்து கொடுத்தவை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 11 ஆம் திகதி பழைய குடிமக்கள் வட்டாரத்துக்கு நடந்துபோய், ஆளுக்கொரு கல்லாகக் கற்குவியலில் வைக்கிறார்கள்.

பணத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நுழைவுச் சீட்டு, வழிகாட்டிக் கட்டணம், சிறிய கடை, நன்கொடை என்பவற்றால் ஓட்டுகிறார்கள். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வருமானத்தின் பெரும்பகுதி பார்வையாளரிடமிருந்து வருவதால், 2020 ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுக் காலத்தில் கதவை மூடியதும் வருமானமும் நின்றது. பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டி வந்தது. வெளியார் வரவை மட்டும் நம்பி ஒரு மக்கள் அமைப்பு இருக்க முடியாது என்ற பாடம் எங்கள் சங்கங்களுக்கும் பொருந்தும்.

ஞாபகம் காணியைத் தருமா?

“உயிரே போச்சு, பிள்ளையே போச்சு. இனி உந்தப் பழசுகளைச் சேர்த்து என்ன செய்யிறது?” என்று உங்களில் பலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

1994 ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் நில உரிமைகளை மீளளிக்கும் சட்டம் வந்தது. பறிக்கப்பட்ட காணிக்கு 1998 டிசெம்பர் 31 வரை கோரிக்கை சமர்ப்பிக்கலாம் என்றார்கள். சொந்தக்காரர் மட்டுமல்ல, வாடகைக்கு இருந்தவர்களும் கோரலாம் என்பது இதில் முக்கியமானது. ஆறாம் வட்டாரத்தில் பெரும்பாலானோர் வாடகைக் குடிகளே. உறுதி இல்லாத குடும்பத்துக்கு, இன்ன தெருவில் இன்ன இலக்கத்தில் இருந்தோம் என்பதும், அதனை அறிந்த அயலவர் யார் என்பதும் பெறுமதியானவை. அந்த அயலவர்கள் சந்தித்துக்கொண்ட இடம் நூதனசாலை. 1997 ஆம் ஆண்டு நிலக் கோரிக்கை நீதிமன்றம் தன் அமர்வொன்றை அந்த நூதனசாலையிலேயே நடத்தியது. தங்கள் பெயர்கள் எழுதப்பட்ட தரையில் இருந்தபடியே அந்த மக்கள் நீதிமன்றத்தைக் கண்டார்கள்.

2004 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆம் திகதி, எண்பது வயதைக் கடந்த இருவருக்கு முதலாவது வீட்டுச் சாவிகளை நெல்சன் மண்டேலா கையளித்தார். ஆனால் அதற்குப் பின் வேலை மிக மெதுவாகவே நடந்தது. பல ஆண்டுகள் சென்றும் 139 வீடுகளே கட்டி முடிந்திருந்தன. காத்திருந்தே பலர் இறந்துபோனார்கள். பொறுமையிழந்த மக்கள் 2018 இல் அரசாங்கத்துக்கு எதிராக நீதிமன்றம் சென்றார்கள். அழிக்கப்பட்ட டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பெயர் 2019 ஆம் ஆண்டின் இறுதியில்தான் அதிகாரபூர்வமாகத் திரும்பக் கிடைத்தது.

ஆகவே சகோதரிகளே, நூதனசாலை காணியைத் தராது. காணிக்கு விண்ணப்பமும் வழக்கும் போராட்டமும் வேண்டும். நினைவுச் சின்னம் ஒன்றைக் காட்டி, “இதோ உங்களுக்கு எல்லாம் தந்துவிட்டோம்” என்று யாராவது சொன்னால் ஏமாறக்கூடாது. ஆனால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது, கேட்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்ற நிலையை அந்த நூதனசாலை காப்பாற்றியது. பிரிந்து போனவர்கள் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருந்தால்தான் சேர்ந்து கேட்க முடியும்.

விடுபட்ட பெயர்கள்

இன்னொரு விடயத்தையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை அரைகுறையாகிவிடும். இழந்த ஊரைப் பற்றிப் பேசும்போது அது சொர்க்கமாக இருந்தது என்று சொல்லிவிடுகிறோம். ஆறாம் வட்டாரத்து மக்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் 1966 இற்கு நெடுங்காலம் முன்னரே, 1901 ஆம் ஆண்டு பிளேக் நோய் வந்தபோது, அதைச் சாட்டாக வைத்துக் கறுப்பின ஆபிரிக்கர்களை அங்கிருந்து வெளியேற்றியிருந்தார்கள். மீண்டும் குடிவந்து வாழ்ந்த ஆபிரிக்கக் குடும்பங்களும் பின்னர் அகற்றப்பட்டன. அந்தக் கதை மற்றவர்களுடைய ஞாபகத்தில் மங்கிக் கிடந்தது.

2000 ஆம் ஆண்டு நூதனசாலை தன் கண்காட்சியைத் திருத்தி அமைத்தபோது, இன்னும் ஆழமாகத் தோண்டுவோம் என்பதையே தலைப்பாக வைத்தது. வறுமையும் நெருக்கடியும் அங்கு பேசப்பட்டன. நொம்வுயோ என்ற ஆபிரிக்கப் பெண் அங்கு கழித்த இளமைக்காலம் பற்றி எழுதியிருந்தார். அவருடைய குடும்பம் வாழ்ந்த ஒற்றை அறையைப் போல ஓர் அறையை நூதனசாலையில் அமைத்தார்கள். உண்பது, உறங்குவது, படிப்பது, விருந்தினரை வரவேற்பது எல்லாம் அந்த ஓர் அறையில்தான்.

இந்தப் பகுதியை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர்கள் நினைவுக்கு வந்தன. 1990 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். நாங்கள் எங்கள் ஊரை வரையும்போது அவர்களுடைய வீடுகளை வரைவோமா? எங்களுக்குச் செய்யப்பட்டதைச் சொல்லும் அதே நாக்கால், எங்கள் பெயரில் மற்றவருக்குச் செய்யப்பட்டதையும் சொல்லுவோமா?

நாங்கள் என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. சனசமூக நிலையத்தின் ஒரு மூலை, ஒரு தகரப் பெட்டி, பத்துப் பெண்கள் போதும். சில ஆலோசனைகள்:

முதலில் உங்கள் ஒழுங்கையை வரையுங்கள். பெரிய தாள்களை ஒட்டி நிலத்தில் விரியுங்கள். கோயில், கிணறு, சந்தி, புளியமரம் என எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் போடுங்கள். பின் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டையும் அயலையும் எழுதட்டும். ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் முரண்பட்டால் சண்டை வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள்.

இரண்டாவது, பருத்தித் துணியில் பெயர்களைப் பேனையால் எழுதி நூலால் தையுங்கள். தையல் தெரிந்தவர்கள் எங்கள் குழுக்களில் நிறையப்பேர் இருக்கிறீர்கள்.

மூன்றாவது, பழைய புகைப்படம், குடும்ப அட்டை, பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, கலியாண அழைப்பிதழ் என்பவற்றை யாரிடமும் கையளித்துவிடாதீர்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்தோ பிரதி எடுத்தோ சேர்த்து, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று பிரதியின் பின்னால் எழுதுங்கள். எழுதாத படம் அடுத்த தலைமுறைக்கு ஊமைப் படம்.

நான்காவது, சுளகு, நீத்துப்பெட்டி, திருவலை போன்ற பொருள் ஏதும் தப்பியிருந்தால் அதன் கதையையும் சேர்த்து எழுதுங்கள். பொருளைவிடக் கதைதான் முக்கியம்.

ஐந்தாவது, ஒருவரையும் பேச வற்புறுத்தக்கூடாது. சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியே காட்டக்கூடாது. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றியும் உடலுக்கு நேர்ந்த கொடுமைகள் பற்றியும் பேச்சு வந்தால், அந்தப் பெண்ணைத் தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கூட ஒருவர் போய் இருங்கள். தேவைப்பட்டால் உளவளத்துணையாளரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இவற்றை எழுதுமுன் எங்கள் குழுவிலேயே செய்து பார்த்தோம். அந்த அம்மாதான் முதலில் தன் ஒழுங்கையை வரைந்தார். “இது என்ர படலை. இது செல்லாச்சியக்கான்ர வளவு. இதில ஒரு கொட்டில் வாசிகசாலை” என்று கை தானாகப் போனது. சந்தியடிக்கு வந்ததும் கை நின்றது.

“இதில ஒரு தையல்கடை இருந்தது. முஸ்லிம் ஆக்கள். என்ர கலியாணச் சட்டை அவைதான் தைச்சது” என்றார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. “நாங்கள் யூனில வெளிக்கிட்டம். அவையளை ஒக்ரோபரில அனுப்பிப்போட்டினம். நாங்கள் அப்ப கோயில் மடத்தில இருந்தம். ஆர் போறது ஆர் இருக்கிறது எண்டு பார்க்கிற நிலையில நாங்கள் இல்லை. ஆனால் பிறகும் கேட்கேல்லைத்தானே” என்றார்.

யாரும் அவருக்குச் சமாதானம் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் கூடாது என்றே நினைக்கிறேன். சற்று நேரத்துக்குப் பின் மற்றொருவர், அந்தக் குடும்பத்தினர் புத்தளத்தில் இருப்பதாகவும், தன் மகனிடம் அவர்களது தொலைபேசி இலக்கம் இருக்கக்கூடும் என்றும் சொன்னார். அடுத்த கூட்டத்துக்குள் கதைத்தும் விட்டார்கள். தையல்கடைக்காரர் இறந்துவிட்டார். மனைவி இருக்கிறார். தன் கடையை வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் முதலில் கேட்டது, “சந்திக்கு வடக்காலையா, தெற்காலையா போட்டிருக்கிறீங்கள்?” என்பதுதானாம். நாங்கள் தெற்கே போட்டிருந்தோம். வடக்கே என்று அவர் திருத்தினார்.

திருத்தி எழுதி, துணியில் அவர்கள் பெயரையும் தைத்தாயிற்று. வரும் கூட்டத்துக்கு அவரையும் மகளையும் அழைத்திருக்கிறோம். வருவார்களோ தெரியாது.

அம்மாவின் கேள்விக்கு நான் இப்போதும் முழுமையான பதில் சொல்லிவிட்டதாக நினைக்கவில்லை. ஆனால் ஊருக்கான உறுதி எந்தக் கச்சேரியிலும் இல்லை, அது துண்டுதுண்டாக ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது, சிலவேளை புத்தளத்திலும் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

உங்கள் ஒழுங்கையையும் வரைந்து பாருங்கள். யாருடைய பெயரில் உங்கள் கை நின்றது என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.